லிண்டோரை விற்றதற்குக் கோபம் இல்லையா? — கிளீவ்லாந்து ரசிகையின் கேள்வி பதில்

1994-ல் கிளீவ்லாந்துக்கு வந்தேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். அமெரிக்க ஃபுட்பாலில் பிரவுன்ஸ், பேஸ்பாலில் கார்டியன்ஸ், இந்த இரண்டு அணிகளும் எடுத்த முடிவுகளைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, டெஷான் வாட்சனை வாங்கியதற்காக பிரவுன்ஸை எல்லோரும் திட்டுகிறார்கள். அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்? அது துரதிர்ஷ்டம்தானே? — வாசகர், கொலம்பஸ்

தம்பி, 2024 அக்டோபரில் சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் தசைநார் அறுந்ததே, அது துரதிர்ஷ்டம். 2025 ஜனவரியில் அதே இடம் மறுபடி அறுந்ததும் துரதிர்ஷ்டம்தான். ஆனால் அவரை வாங்கியது யோசித்து, பேரம் பேசி, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு. அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

எந்த முடிவையும் அது எடுக்கப்பட்ட நாளில் வைத்துத்தான் நான் பார்ப்பேன். பின்னால் என்ன நடந்தது என்று பார்த்துத் திட்டுவது சுலபம், நியாயமும் இல்லை. 2022 மார்ச்சில் என்ன தெரிந்திருந்தது? ஹியூஸ்டன் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) வாட்சன், அதற்கு முந்தைய சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மசாஜ் வேலை செய்யும் 22 பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரோடு அவர் மேல் சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், டெக்சஸில் கிராண்ட் ஜூரியும் குற்ற வழக்கு வேண்டாம் என்றது. ஆனாலும் அந்த 22 வழக்குகளும் அப்படியே நின்றன, லீக்கின் விசாரணையும் முடியவில்லை. அந்த நிலையில்தான் மூன்று முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளை ஹியூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அதோடு வாட்சனுக்கு ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர் ஒப்பந்தம், முழுப் பணத்துக்கும் உத்தரவாதம். அவ்வளவு உத்தரவாதப் பணம் அதுவரை எந்த ஃபுட்பால் வீரருக்கும் கிடைத்ததில்லை. முதல் வருட அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பத்து லட்சம் டாலர் சொச்சத்தில் வைத்தார்கள். தடை வந்தால் அந்தச் சம்பளம்தானே பிடிபடும்? தடை வரும் என்று அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வந்தது: 11 ஆட்டம், 50 லட்சம் டாலர் அபராதம்.

முதல் சுற்றுத் தேர்வு என்பது ஓர் அணியின் விதைநெல். கல்லூரியிலிருந்து வரும் நல்ல பையன்களைக் குறைந்த சம்பளத்தில் எடுத்து வளர்க்கும் முக்கியமான வழி அது. மூன்று வருட விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டார்கள். வாட்சன் மூன்று சீசனில் ஆடியது மொத்தம் 19 ஆட்டம். ஹியூஸ்டன் அந்தத் தேர்வுகளில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துத்தான் 2023 டிராஃப்டில் மூன்றாம் இடத்துக்கு ஏறி வில் ஆண்டர்சன் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. 2024 ஜனவரியில் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்றில், அதே ஹியூஸ்டன் நம்மை 45–14 என்று அடித்தது. அன்றைக்கு வாட்சன் தோள் காயத்தோடு வெளியே நின்றார்.

பேக்கர் மேஃபீல்டை மறக்க முடியுமா? 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க் மைதானத்திலேயே ஸ்டீலர்ஸை 48–37 என்று தோற்கடித்த குவார்ட்டர்பேக். 1995 ஜனவரிக்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. அடுத்த சீசனில் பெரும்பாலான ஆட்டங்களை இடது தோளில் கிழிசலை வைத்துக்கொண்டே ஆடினார், சரியாக ஆட முடியவில்லை. காயம் ஆறும்வரை காத்திருக்காமல் அவரை ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2024-ல் அவர் டாம்பா பேக்காக 41 டச்டவுன் பாஸ் போட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இது.

வாட்சன் செய்தி வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் போன் பண்ணினாள். ஆறு வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். "அம்மா, அந்த ஆரஞ்சுச் சட்டையை நான் இனிமேல் போடமாட்டேன்" என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளில் அன்றைக்கு இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும். தோற்றதை மன்னிக்கிறேன், தம்பி. ஊரின் பெண்களுக்கு அன்றைக்கு எப்படி இருக்கும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையே, அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: வாட்சனை வாங்கியதற்கு இவ்வளவு கோபப்படுகிறீர்கள். கார்டியன்ஸ் பிரான்சிஸ்கோ லிண்டோரை விற்றார்களே, அதற்கு ஏன் கோபமே வரவில்லை? — வாசகி, டப்ளின், ஒஹாயோ

கோபம் வரவில்லை, துக்கம் வந்தது. 2021 ஜனவரி 7 அன்று லிண்டோரையும் கார்லோஸ் கராஸ்கோவையும் சேர்த்து நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தார்கள். 2011-ல் பள்ளிப் பையனாக நம்மிடம் வந்தவர் லிண்டோர். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தால் மழைநாளில்கூட மனசு வெளுத்துவிடும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆனால் இரண்டு விளையாட்டுக்கும் பணத்தின் விதி வேறு. ஃபுட்பாலில் ஓர் அணி இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. தேசிய டிவி பணத்தை எல்லா அணியும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. அதனால் நியூயார்க்குக்கும் கிளீவ்லாந்துக்கும் கையில் உள்ள காசு கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரவுன்ஸ் தோற்றால் ஏழ்மையைக் காரணம் சொல்ல முடியாது. பேஸ்பாலில் அந்த உச்சவரம்பு இல்லை. பெரிய ஊர் அணி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். லிண்டோருக்கு மெட்ஸ் கொடுத்தது பத்து வருடத்துக்கு 34.1 கோடி டாலர். நம் முதலாளி அதைக் கொடுக்கப்போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மிச்சம். அவர் சும்மா கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா, இப்போதே கொடுத்து நாலு இளம் வீரர்களை வாங்குவதா? முதலாளி இன்னும் செலவழிக்க வேண்டும் என்று நானும் சொல்வேன், அந்தச் சண்டை தனி. இருந்த பணத்துக்குள் அன்றைக்கு எடுத்த முடிவு சரி.

இந்த அணி இதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. 2002-ல் பிட்சர் (பந்து வீசுபவர்) பார்தோலோ கொலோனை மான்ட்ரியலுக்குக் கொடுத்தபோது ஆய்வகத்தில் என் கூட வேலை பார்த்தவர்கள் கொதித்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ். 2009-ல் அந்த லீயைக் கொடுத்து வாங்கியதில் ஒருவர் கராஸ்கோ. அந்தக் கராஸ்கோதான் லிண்டோரோடு போனார், பதிலுக்கு வந்தவர்களில் ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ் 2022, 2023, 2024 என்று மூன்று வருடமும் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வாங்கினார். ஒரு பிட்சரை 2002-ல் கொடுத்ததன் பலன் இருபது வருடம் கழித்தும் இரண்டாம் பேஸ் பக்கத்தில் பந்தைப் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. 2022-ல் லீக்கிலேயே வயது குறைந்த அணியாக இருந்து 92 ஆட்டம் ஜெயித்தோம்.

வலித்த ஓர் இரவையும் சொல்லிவிடுகிறேன். 2009 வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு சபாத்தியா, ஃபிலடெல்ஃபியாவுக்கு லீ. 2007, 2008 என்று அடுத்தடுத்து நமக்காக சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய இரண்டு பேரும் வேறு வேறு ஊர்ச் சட்டையில் எதிரெதிரே நின்றார்கள். அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டேன்.

ஹோசே ராமிரெஸ் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில், வெளியே போனால் இன்னும் எவ்வளவோ கிடைக்கும் என்று தெரிந்தும், ஏழு வருடத்துக்கு 14.1 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். அவர் மூன்றாம் பேஸில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டு ஆள் ஒருவர் நிற்பது போலத்தான் இருக்கிறது.

சரி, கார்டியன்ஸ் தப்பே செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். டாம்பா பே ரேஸுக்கு இரண்டு பேரைக் கொடுத்தோம். 2018 டிசம்பரில் யாண்டி டியாஸ், 2021 நவம்பரில் ஹூனியர் கமினேரோ. டியாஸ் 2023-ல் அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் வாங்கினார். கமினேரோ 2025-ல் 45 ஹோம் ரன் அடித்தார். என் விதிப்படி பார்த்தால் கமினேரோ விஷயத்தில் நான் திட்டக் கூடாது. அன்றைக்கு அவருக்கு 18 வயது, டொமினிக்கன் கோடை லீக்கைத் தாண்டி வராத பையன். டோபயஸ் மயர்ஸ் என்ற பிட்சருக்காகக் கொடுத்துவிட்டார்கள். வருத்தம் மட்டும்தான். டியாஸ் அப்படியில்லை. அவர் பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறார் என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. பந்தைத் தரையில் அடிக்கிறார் என்று குறை சொல்லி அனுப்பினோம். அடிக்கும் கை இல்லாமல் இந்த அணி எத்தனை அக்டோபரில் தவித்தது! அது அன்றைக்கே தப்பு.

கேள்வி: அணியின் பெயரை மாற்றியது சரியா? — வாசகர், ஏக்ரன்

சரி. ஒரு மக்கள் கூட்டத்தின் முகத்தைக் கேலிப்படமாக வரைந்து தொப்பியில் மாட்டியிருந்தோம். 2018-ஓடு அந்தப் படம் போனது, 2022 சீசனிலிருந்து பெயரும் மாறியது. மைதானத்துக்குப் பக்கத்துப் பாலத்தில், கையில் வண்டிகளை ஏந்தி நிற்கும் கல் காவலர்கள் 1932-லிருந்து இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வைத்த பெயர்தான் கார்டியன்ஸ். வேலைக்குப் போக வர எத்தனை வருடம் அவர்களைக் கடந்திருக்கிறேன்! ஊருக்குள்ளிருந்தே எடுத்த பெயர், எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: 2025 டிராஃப்டில் பிரவுன்ஸ் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தது குழப்பம் இல்லையா? — வாசகர், டொலீடோ

குழப்பம்தான். மூன்றாம் சுற்றில் டிலன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் மேலே ஏறிப்போய் ஷெடூர் சாண்டர்ஸ். ஒரு புதுப் பையனுக்கே பயிற்சியில் பந்து போதாது, இரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் இருவருமே அரைவயிறுதான். சீசன் நடுவில் ஒருவருக்கு அடிபட்ட பிறகு இன்னொருவரை இறக்கினார்கள்.

ஆனால் அதே டிராஃப்டில் ஒரு நல்ல முடிவும் எடுத்தார்கள், அதை யாரும் பேசுவதில்லை. இரண்டாவது தேர்வை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஐந்தாவது தேர்வும் 36-வது தேர்வும் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அந்த இரண்டாவது தேர்வில் ஜாக்சன்வில் எடுத்த டிராவிஸ் ஹன்டர் போன்ற ஒருவரை விட்டார்களே என்று ஊர் புலம்பியது. எனக்குச் சந்தோஷம். குதிரில் மறுபடி விதை சேர்ந்தது.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எதற்கெடுத்தாலும் ராக்கி கொலவிட்டோவின் சாபம் என்கிறார். இந்த ஊர் அணி எடுத்த மோசமான முடிவு அதுதானா? — வாசகி, பார்மா

அந்தப் பெரியவர் சொல்வதில் நியாயம் உண்டு. 1959-ல் 42 ஹோம் ரன் அடித்து லீக்கின் முன்னணியில் இருந்தவரை, ஊரே கொண்டாடியவரை, 1960 ஏப்ரலில் சீசன் தொடங்கும் நேரத்தில் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் அணியின் பொது மேலாளர் ஃபிராங்க் லேன். பதிலுக்கு வந்தவர் முந்தைய வருட பேட்டிங் சாம்பியன் ஹார்வி கூன். அவர் ஒரே சீசன்தான் இங்கே ஆடினார்.

ஆனால் அதைவிட மோசமானது 1965-ல் நடந்தது என்பேன். தப்பைத் திருத்துகிறோம் என்று கொலவிட்டோவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்காகக் கைவிட்ட இளைஞர்களில் இருவர் டாமி ஜான், டாமி ஏஜி. டாமி ஜான் தன் வாழ்நாளில் ஜெயித்த ஆட்டம் 288. நமக்காக ஜெயித்தது அதில் இரண்டு. முதல் தப்பு மூளையில்லாத தப்பு என்றால் இது ஏக்கத்தில் செய்த தப்பு. ரசிகர்களின் மனசைக் குளிரவைக்க அணி எடுத்த முடிவு. அதனால்தான் ரசிகர்கள் கேட்டதையெல்லாம் அணி செய்ய வேண்டும் என்று நான் கேட்பதில்லை, நான் கேட்பதையும் சேர்த்துத்தான். கொலவிட்டோ 2024 டிசம்பரில் தன் 91-வது வயதில் காலமானார். அந்தப் பெரியவரிடம் அவர் ஆடிய ஆட்டங்களைப் பற்றிக் கேளுங்கள், சாபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: பிரவுன்ஸ் ஏரிக்கரையை விட்டு புரூக் பார்க் போவதை ஆதரிக்கிறீர்களா? 1995-ல் ஆர்ட் மோடெல் செய்த துரோகம் மாதிரித்தானே இதுவும்? — வாசகர், லேக்வுட்

இல்லை, இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள். அணி போவதற்கு முன் இங்கே ஆடிய கடைசி ஆட்டத்தில் நான் இருந்தேன்.

1995 டிசம்பர் 17, சின்சினாட்டியோடு. ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் என்னைக் கூட்டிப்போனார். ஏரிக் காற்று எலும்புக்குள் இறங்கியது. 26–10 என்று ஜெயித்தோம், யாரும் சிரிக்கவில்லை. நவம்பர் 6-ந் தேதியே அணி பால்டிமோர் போகிறது என்று அன்றைய முதலாளி மோடெல் அறிவித்துவிட்டார். மறுநாளே இந்த ஊர் மக்கள் மைதானத்தைப் புதுப்பிக்க வரி நீட்டிப்புக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்தார்கள். போகிறேன் என்றவனுக்கு வீடு கட்டிக் கொடுக்கச் சம்மதித்த ஊர் இது. ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் நாற்காலிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள், ரம்பம் கொண்டுவந்தவர்கள்கூட இருந்தார்கள். என் கூட வந்தவர் எதையும் பிடுங்கவில்லை. 1964-ல் பால்டிமோர் கோல்ட்ஸை 27–0 என்று ஜெயித்து பிரவுன்ஸ் சாம்பியன் ஆனபோது அப்பாவோடு அதே மைதானத்தில் இருந்தவர் அவர். தன் இருக்கையின் எண்ணை விரலால் ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார். காருக்கு வரும்வரை பேசவில்லை. அந்த அணி பால்டிமோர் ரேவன்ஸ் ஆகி ஐந்தே வருடத்தில் சூப்பர் பவுல் ஜெயித்ததை அவர் பார்க்க மறுத்துவிட்டார். பெயரும் நிறமும் சாதனைகளும் நமக்கே மிஞ்சின, 1999-ல் அணி திரும்ப வந்தது. நடுவில் மூன்று சீசன் இந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகள் காலியாக இருந்தன.

புரூக் பார்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம். ஆட்களை அங்கே போகவிடாமல் யாரும் தடுக்கவில்லை. கூரை போட்ட மைதானத்தையும் நான் எதிர்க்கவில்லை. டிசம்பரில் வயதானவர்களும் குழந்தைகளும் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டுமே. எனக்கு ஆகாதது பணம் வரும் வழி. 240 கோடி டாலர் திட்டத்தில் மாநிலத்தின் பங்கு 60 கோடி. அதை யாரும் கேட்டு வராத பணத்திலிருந்து எடுக்கிறார்கள். மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை, திரும்பி வராத டெபாசிட், இதெல்லாம் சேரும் நிதி அது. பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 பட்ஜெட்டில் எழுதிவிட்டார்கள். எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. நாங்கள் குடியிருந்த முதல் வாடகை வீட்டின் மின்சார டெபாசிட் அந்த நிதியில்தான் கிடந்தது. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, படிவம் நிரப்பி அனுப்பி, 80 டாலர் சொச்சம் வாங்கினோம். கேட்க மறந்தவர்களின் பணம் அவர்களுடைய பணம்தான். அணி முதலாளிகளான ஹஸ்லம் குடும்பத்துக்குக் கட்டடம் வேண்டுமென்றால் கடன் வாங்கிக் கட்டட்டும்.

கிளீவ்லாந்து நகரத்தோடு 10 கோடி டாலருக்குச் சமரசம் ஆகிவிட்டது. இதே ஹஸ்லம் குடும்பம்தான் கொலம்பஸ் க்ரூ சாக்கர் அணி ஊரைவிட்டுப் போகாமல் வாங்கி நிறுத்தியவர்களில் ஒன்று. அந்த மீட்புக்குக் கைகொடுத்தது, மோடெல் போன பிறகு அணிகள் ஊரைவிட்டுப் போவதைக் கட்டுப்படுத்த 1996-ல் ஒஹாயோ கொண்டுவந்த சட்டம். ஒரு ஊருக்கு அதன் அணி என்ன என்று தெரிந்தவர்கள் இவர்கள். அதனால்தான் இவர்களிடம் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: எட்டு வயதுப் பையன். பிரவுன்ஸ் தோற்றுக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஸ்டீலர்ஸ் சட்டை வாங்கித் தா என்று அழுகிறான். என்ன செய்வது? — வாசகி, ஸ்ட்ராங்ஸ்வில்

அம்மா, அவன் மேல் தப்பே இல்லை. 2017-ல் 16 ஆட்டமும் தோற்ற அணியை அவன் பிறந்த வீடு கொண்டாடுகிறது, அவனுக்குப் புரியாதுதான். சட்டை கேட்டால் வாங்கிக் கொடுங்கள், வற்புறுத்தி ஒட்டவைத்த பாசம் நிற்காது.

ஆனால் அதற்கு முன்னால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரு வாரநாள் சாயங்காலம் அவனைக் கார்டியன்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். விலை குறைந்த மேல்தளமே போதும். சீக்கிரம் போய்விடுங்கள், வீரர்கள் அடித்துப் பழகும்போது வேலியோரம் நிற்கவிடுங்கள். 2025-ல் டெட்ராய்ட்டைவிட பதினைந்தரை ஆட்டம் பின்தங்கியிருந்து, கடைசியில் டிவிஷனை ஜெயித்தார்கள். பேஸ்பால் வரலாற்றில் அவ்வளவு தூரம் பின்னாலிருந்து வந்து முதலிடம் பிடித்த அணி வேறு இல்லை. அந்த செப்டம்பரில் ஒரு நாள் என் மகள் லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரஞ்சுச் சட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தாள். எட்டாவது இன்னிங்ஸில் என் கையைப் பிடித்தவள் ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

போகும் நாளை இதழுக்கு எழுதிச் சொல்லுங்கள். அவள் சின்ன வயதில் போட்ட கையுறை ஒன்று என்னிடம் இருக்கிறது, இடது கைக்கானது. எட்டு வயதுக் கைக்குச் சரியாக இருக்கும். எண்ணெய் தடவி வைக்கிறேன்.